குடியுரிமை ஒரு நாட்டில், குடியிருப்பு இன்னொரு நாட்டில்: விசா கேட்கும்போது வசிப்பு உரிமையை நிரூபிப்பது எப்படி?

பாஸ்போர்ட் ஒரு நாட்டுடையது, வேலையும் வீடும் இன்னொரு நாட்டில், விடுமுறைக்குப் போக நினைப்பது மூன்றாவது நாட்டுக்கு. இப்படி இருப்பவர்கள் விசா படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் ஒரு கட்டம் வரும்: நீங்கள் குடிமகனாக இல்லாத நாட்டில் வசிக்கிறீர்களா, ஆமென்றால் அனுமதி எண் என்ன, எதுவரை செல்லும். அந்த ஒரு கட்டத்தைச் சுற்றி எத்தனை குழப்பம்! வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து, திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் தூதரகத்தின் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

வசிப்பு உரிமைச் சான்று என்று சரியாக எதைக் கேட்கிறார்கள்?

இரண்டு விஷயத்தை. ஒன்று, இப்போது இருக்கும் நாட்டில் சட்டப்படிதான் இருக்கிறீர்களா. இரண்டு, பயணம் முடிந்ததும் அந்த நாடு உங்களைத் திரும்ப உள்ளே விடுமா. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள். விசா அதிகாரிக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை, ஏனென்றால் திரும்பிப் போக இடமில்லாத ஆள் விசா கொடுத்த நாட்டிலேயே தங்கிவிடுவார் என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் இந்த இரண்டில் எதற்குப் பதில் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எதற்கும் சொல்லவில்லை என்றால் அந்தத் தாள் தேவையில்லாத சுமை.

வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வைத்திருக்கிறேன். போதாதா?

போதாது. அவை முகவரிச் சான்று. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லும், இருக்க உரிமை இருக்கிறதா என்று சொல்லாது. அனுமதி முடிந்து ஒரு வருடம் ஆனவர் பெயரிலும் மின்கட்டணம் வந்துகொண்டுதான் இருக்கும்! உரிமையைச் சொல்வது குடிவரவுத் துறை கொடுத்த ஆவணம் மட்டும்: ரெசிடென்ஸ் பெர்மிட், நீண்டகால விசா, நிரந்தர வசிப்பு அட்டை, சவுதியில் இக்காமா, அமெரிக்காவில் கிரீன் கார்டு என்று ஊருக்கு ஒரு பெயர்.

ஜெர்மனி போன்ற நாடுகளில் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். முத்திரை எல்லாம் இருப்பதால் பலர் அதையே வசிப்பு அனுமதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் முகவரிப் பதிவுதான்.

அதற்காக முகவரிச் சான்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரே நாட்டில் ஒரு தூதரகத்துக்கு இரண்டு மூன்று கிளைகள் இருந்தால் நீங்கள் யாருடைய எல்லைக்குள் வருகிறீர்கள் என்பதை முகவரி வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சுற்றுலாவாக வந்த நாட்டில் இருந்தபடியே அடுத்த நாட்டுக்கு விசா கேட்கலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விசாவில் விதி தெளிவு: சட்டப்படி எங்கே வசிக்கிறீர்களோ அந்த எல்லைக்குரிய தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வசிக்காமல் வெறுமனே தங்கியிருப்பவர் கேட்டால், சட்டப்படி அங்கே இருக்க வேண்டும், ஏன் வசிக்கும் நாட்டில் கேட்காமல் இங்கே கேட்கிறார் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். காரணத்தைத் தூதரகம் ஏற்றால்தான் உண்டு. 'அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, இங்கே சுலபம்' என்பதை நல்ல காரணமாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

அமெரிக்கா முன்பு இதில் கொஞ்சம் தாராளம். வேறு நாட்டுக்குப் போய் நேர்காணல் முடித்து வந்தவர்கள் ஏராளம். 2025 செப்டம்பரில் அதை இறுக்கிவிட்டார்கள். குடியேற்றம் அல்லாத விசா கேட்பவர் தான் குடிமகனாக உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் கேட்க வேண்டும், வசிக்கும் நாடு என்ற கணக்கில் கேட்டால் அங்கே வசிப்பதை நிரூபிக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கட்டணத்தைக் கட்டிவிட்டு இடத்தை மாற்றலாம் என்றால் அந்தப் பணம் திரும்பவும் வராது, வேறு இடத்துக்கு மாறவும் மாறாது.

என் அனுமதி இன்னும் எத்தனை நாளுக்குச் செல்ல வேண்டும்?

பயணம் முடிந்து திரும்பும் நாளைத் தாண்டி. எவ்வளவு தாண்டி என்பதில்தான் வம்பு. பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் சட்டத்திலேயே அளவு உண்டு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கும் அதே மூன்று மாதத்தைப் பல தூதரகங்கள் தங்கள் பட்டியலில் எழுதி வைத்திருக்கின்றன.

நான் ஒருமுறை இதில் மாட்டினேன். திரும்பி வந்து ஐந்து வாரம் வரைக்கும் என் அட்டை செல்லும், அது தாராளம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார். பிறகு, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் புதுப்பித்துவிட்டு வந்தால் உங்களுக்கு நல்லது என்றார். அன்றைக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதிலிருந்து அனுமதி ஆறு மாதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் முதலில் அதைப் புதுப்பிப்பேன், அப்புறம்தான் டிக்கெட்டைப் பற்றியே யோசிப்பேன்.

புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ரசீது மட்டும்தான். அதை வைத்து விசா கேட்கலாமா?

எல்லாரையும் ஒரே பதிலில் அடக்க முடியாத கேள்வி இது. பல நாடுகளில் ரசீது இருந்தால் இருக்க உரிமை உண்டு, ஆனால் வெளியே போய்த் திரும்ப உரிமை உண்டா என்பது வேறு சங்கதி. முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி இங்கேதான் வந்து நிற்கும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை 'ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே எந்தப் பெட்டியில் குறி போட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதியே தொடர்வதாக அர்த்தம், போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அங்கே இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. ஒரே தாள், ஒரு சின்னக் குறியில் தலையெழுத்தே மாறிவிடுகிறது.

பிரிட்டனில் நிலை இன்னும் கறார். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் உள்ளிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் 'அட்வான்ஸ் பரோல்' என்ற முன் அனுமதி வாங்காமல் வெளியே போனால், ஒரு சில வேலை விசாக்காரர்கள் நீங்கலாக, விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. ஆக இவர்களுக்கெல்லாம் மூன்றாவது நாட்டின் விசா கிடைக்குமா என்பது இரண்டாம் பட்சம், முதலில் கிளம்பலாமா என்று பார்க்க வேண்டும்.

கிளம்பலாம் என்றால் ரசீதுடன் காலாவதியான அட்டையின் நகலையும், ரசீது இருக்கும்போது உங்கள் உரிமை தொடர்கிறது என்று குடிவரவுத் துறையின் இணையதளம் சொல்லும் பக்கத்தின் அச்சையும் வையுங்கள். வேறு நாட்டு அதிகாரிக்கு அந்த ரசீது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், தெரியாத தாளை அவர் உங்களுக்குச் சாதகமாகப் படிக்க மாட்டார்.

கையில் அட்டையே இல்லை, எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது. எதைக் காட்டுவது?

இப்போது இது சகஜம். பிரிட்டன் தன் பயோமெட்ரிக் அட்டைகளை 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டு இ-விசாவுக்கு மாறிவிட்டது. அங்கே வசிப்பவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்து 'ஷேர் கோட்' ஒன்றை எடுக்க வேண்டும். அதையும் பிறந்த தேதியையும் போட்டால் அதிகாரி உங்கள் நிலையைப் பார்த்துக்கொள்வார். 90 நாள்தான் செல்லும், அதனால் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின வாரம் எடுங்கள், மூன்று மாதம் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2015-க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதே இல்லை, விசா நிலையைக் காட்டும் 'வீவோ' என்ற அரசுத் தளத்தில் பார்த்து அச்செடுத்துக்கொள்ளலாம். ஐக்கிய அரபு அமீரகமும் 2022-இல் பாஸ்போர்ட் ஸ்டிக்கரை விட்டுவிட்டது, எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டையே வசிப்புச் சான்று.

ஷேர் கோட் கொடுத்துவிட்டோமே என்று விடாமல் அந்தத் திரையின் அச்சையும் சேர்த்தே கொடுங்கள். ஷேர் கோடைப் போட்டுப் பார்க்க எல்லா அதிகாரிக்கும் பொறுமை இருக்காது. அச்சில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், காலாவதித் தேதி மூன்றும் தெரிகிறதா என்று பாருங்கள். புதுப் பாஸ்போர்ட் வாங்கியும் ஆன்லைன் கணக்கில் பழைய எண்ணையே விட்டு வைத்திருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும்.

அமெரிக்காவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள வேலை விசா முடிந்துவிட்டது. நான் சட்டவிரோதமா?

இல்லை, பயப்படாதீர்கள். அமெரிக்காவில் விசா ஸ்டாம்ப் என்பது உள்ளே நுழைவதற்கான சீட்டு, நுழைந்த பிறகு எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவு. நிலை நீட்டிக்கப்பட்டிருந்தால் ஐ-797 என்ற ஒப்புதல் தாளும் இருக்கும். வேறு நாட்டு விசாவுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், கூடவே வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம்.

ஆனால் 'திரும்ப விடுவார்களா' என்ற கேள்வி அப்படியே நிற்கிறது பாருங்கள். ஸ்டாம்ப் முடிந்தவர் வெளியே போனால் பொதுவாகப் புது ஸ்டாம்ப் வாங்கித்தான் திரும்ப வேண்டும். ஸ்டாம்ப் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் தூதரகங்கள் இருக்கின்றன, அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

மாணவர் நான். என்னுடையதும் வசிப்பு உரிமைதானா?

ஆமாம். மாணவர் அனுமதியும் வசிப்பு அனுமதிதான். கூடவே கல்லூரியிலிருந்து இப்போது படிக்கிறார், வகுப்பு இந்தத் தேதியில் மறுபடி தொடங்குகிறது என்று ஒரு கடிதம் வாங்குங்கள், திரும்பி வருவதற்கான காரணமாக அது நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் படிப்பவர்கள், கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்ற மாணவர் தகுதித் தாளில் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், படிக்கும் காலத்தில் அது ஒரு வருடத்துக்குச் செல்லும். கடைசிப் பருவம் முடிகிற சமயத்தில் சுற்றுலா போக நினைப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்துதான் எனக்கு அனுமதி. தனியாகப் பயணம் போக என்ன காட்டுவது?

உங்கள் பெயரில் உள்ள அட்டை, திருமணச் சான்றிதழ், அவருடைய அட்டையின் நகல், அவருடைய வேலைக் கடிதம். உங்கள் உரிமை அவருடைய உரிமையில் தொங்கிக்கொண்டிருப்பதால் அவருடையது செல்லுபடியாக இருப்பதையும் காட்டத்தான் வேண்டும். மனைவியைச் சார்ந்து இருக்கும் கணவருக்கும் இதே கதைதான். குழந்தைகளுக்குத் தனி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் பயணத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதக் கடிதமும் பல இடங்களில் கேட்பார்கள்.

பழைய பாஸ்போர்ட்டில்தான் அனுமதி ஒட்டியிருக்கிறது. புதியது வாங்கிவிட்டேன்.

இரண்டையும் எடுத்துப் போங்கள். ஒட்டிய பக்கத்தைக் கிழிக்கவோ ஸ்டிக்கரைப் பிரிக்கவோ கூடாது (செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்). அனுமதியைப் புது எண்ணுக்கு மாற்றித் தரும் வசதி அந்த நாட்டில் இருந்தால் விசா கேட்கும் முன் அதை முடித்துவிடுவது சுகம்.

வரித்துறையில் இருந்து வசிப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். அது செல்லாதா?

அது வேறு வசிப்பு. எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதையெல்லாம் எண்ணித் தருவது அது. குடிவரவு அனுமதியோடு நேரடித் தொடர்பு கிடையாது. துணைத் தாளாக வைத்தால் தப்பில்லை, அதை மட்டும் வைத்தால் அதிகாரி உதட்டைப் பிதுக்குவார்.

மொழிபெயர்ப்பு, நோட்டரி, அப்போஸ்டில் எல்லாம் வேண்டுமா?

மொழிபெயர்ப்பு பல நேரம் வேண்டும். பிரிட்டனுக்கு என்றால் ஆங்கிலத்திலோ வெல்ஷிலோ இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அதில் மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், பின்பக்கத்தில்தான் 'எந்த வகை அனுமதி' என்பது ஒளிந்திருக்கும்.

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க 1961 ஹேக் ஒப்பந்தப்படி போடும் முத்திரை. திருமணம், பிறப்புச் சான்றிதழ்களுக்குச் சில சமயம் தேவைப்படலாம். சாதாரண சுற்றுலா விசாவுக்கு ரெசிடென்ஸ் பெர்மிட்டின் மேல் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பட்டியலில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள், பயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறதே?

படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைக் கவரிங் லெட்டரில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், பெயர் மாற்ற ஆவணம் இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். அவர் கண்டுபிடித்துக் கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் அது எழுத்து வித்தியாசம், அவர் கண்டுபிடித்தால் சந்தேகம்.

நிரந்தர வசிப்பு உரிமை இருக்கிறது. எனக்கு விசாவே வேண்டாம் என்கிறார்களே, நிஜமா?

சில நாடுகளுக்கு நிஜம். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோடு கனடாவுக்கு விசா இல்லாமல் போகலாம். அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிரிட்டன், ஷெங்கன் நாடுகளின் நிரந்தர வசிப்பாளர்களை மெக்சிகோ விசா இல்லாமல் விடுகிறது. ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பு அனுமதி இருந்தால், நிரந்தரமானதாக இல்லாவிட்டாலும், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். அயர்லாந்து அந்தக் கூட்டத்தில் இல்லை, அதை மறந்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இப்படிப் போகும்போது அட்டைதான் உங்கள் விசா. நகலை எடுத்துக்கொண்டு அசல் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

வசிப்பு உரிமை இருப்பதும், திரும்பி வருவீர்கள் என்று அவர் நம்புவதும் ஒன்றல்ல. ஷெங்கன் மறுப்புப் படிவத்தில், விசா முடியுமுன் கிளம்பும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான சந்தேகம் என்று ஒரு காரணம் அச்சிலேயே உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) பிரிவு: சுற்றுலா விசா கேட்பவரைக் குடியேற வருபவர் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அந்தச் சட்டத்தில் சுற்றுலாப் பயணி என்பவர் வெளிநாட்டில் கைவிட எண்ணமில்லாத ஒரு வசிப்பிடம் உள்ளவர் என்றே எழுதியிருக்கிறது. நேற்று வந்த ஆறு மாத அனுமதியைக் காட்டி அந்த எண்ணத்தை நிரூபிப்பது கடினம்தான்.

மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்தைக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதற்கு மட்டும் பதில் தேடுங்கள். ஷெங்கனில் மேல்முறையீட்டு உரிமை உண்டு, எங்கே, எத்தனை நாளுக்குள் என்று அந்தக் கடிதமே சொல்லும். அனுமதி குறுகியது என்பதுதான் பிரச்சினை என்றால் நீட்டித்துவிட்டு மறுபடி கேளுங்கள். வேலை, குடும்பம், படிப்பு பற்றிய தாள்கள் மெலிவாக இருந்தால் அவற்றைப் பலப்படுத்துங்கள். அதே தாள்களை அப்படியே இன்னொரு முறை கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு அதே பதில்தான் வருகிறது.

எப்போது தொடங்குவது?

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், பயணத்துக்கு 15 நாள்கூட இல்லாதபோது கொடுத்தால் தாமதம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இழுக்கும். இதில் உங்கள் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அந்த நாட்களில் உங்கள் சொந்த அனுமதியைப் புதுப்பிக்கும் தேதி வந்துவிட்டால் ஒரே பாஸ்போர்ட்டை இரண்டு அலுவலகம் கேட்கும்.